மூன்று வேலிகளின் ஊர்

‘லாயாங் லாயாங்’ என்று கைப்பேசியில் தட்டினால் முதலில் வருவது தென்சீனக் கடலில் ஒரு பவளத்தீவு. சுறா பார்க்க முக்குளிப்பவர்கள் போகும் இடம், மலேசியக் கடற்படைக்கு அங்கே ஒரு முகாமும் உண்டு. நான் போனது அங்கே அல்ல. ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்குக்குத் தெற்கே, கூலாய்க்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டி இதே பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. “அங்க என்ன இருக்குன்னு போறீங்க?” என்று ஜொகூர் பாரு நண்பர் கடைசி நிமிடம்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே காரையும் எடுத்தார்.

கூலாய்வரை தொழிற்பேட்டைகள்தான். அதற்கப்பால் செம்பனை தொடங்கிவிடும் என்பது என் பழைய நினைப்பு. இப்போது நடுவில் வேறொன்று முளைத்திருக்கிறது. ‘கூலாய் யங்’ தோட்டமாக இருந்த நிலம் ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்காவாகிவிட்டது. செடெனாக்கில் ஜொகூர் அரசு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பூங்காவிலும் அதே கதை: ஜன்னலே இல்லாத சாம்பல் நிறப் பெட்டிகள், சுற்றிக் கம்பி வேலி, வாசலில் காவலாளி. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வேலை செய்த நிலத்துக்கு இனி விரல்விட்டு எண்ணும் ஆட்கள் போதும். செம்பனைக்கே ரப்பரைவிட ஆள் குறைவு. கணினிக்கு அதைவிடக் குறைவு.

செடெனாக் தாண்டியபின் இருபுறமும் பனை வரிசை. அப்புறம் திடீரென்று ஊர்.

ஊர் என்றால் கடைவீதி இரண்டு மூன்று வரிசை. சீனர் காப்பிக் கடை, உரக்கடை, மோட்டார் பழுதுபார்க்கும் கடை, கைப்பேசிக்குப் பணம் ஏற்றும் கடை. அந்தக் கடைசிக் கடையில் வங்காளம், இந்தோனேசியம், நேப்பாளி என்று அறிவிப்புகள் ஒட்டியிருந்தார்கள். இந்த ஊரின் இன்றைய மக்கள்தொகைக் கணக்கை அந்தச் சுவர் சொன்ன அளவுக்கு வேறெதுவும் சொல்லவில்லை. ரயில் நிலையம் மட்டும் ஊருக்குச் சற்றும் பொருந்தாமல் புத்தம்புதிதாக நிற்கிறது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவரை ஒற்றைப் பாதையை மின்மய இரட்டைப் பாதையாக்கும் பெரிய திட்டத்தில் லாயாங் லாயாங்குக்கும் ஒன்று கிடைத்தது. மேம்பாலம், மின்தூக்கி, நீண்ட மேடை. மேடையில் நாங்கள் போன நேரத்தில் ஒரு காவலர், ஒரு பூனை.

இந்த ஊர் பிறந்ததே ரயிலால்தான். ஜொகூர் மாநில ரயில் பாதை 1909-ல் முடிந்தது. மறு ஆண்டு ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. லண்டன் கம்பெனிகள் பாதையின் இரு மருங்கிலும் காட்டை வாங்கி அழித்தன. அதே 1910-ல் மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. அந்த இடத்தைக் கங்காணி முறை பிடித்துக்கொண்டது: தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே சேலத்துக்கோ தஞ்சாவூருக்கோ திரும்பிப்போய், சொந்தக்காரரையும் ஊர்க்காரரையும் அழைத்துவருவார். அதனால்தான் ஜொகூரின் பல தோட்டங்களில் ஒரு லயம், அதாவது ஒரு வரிசை வீடுகள் முழுக்க ஒரே கிராமத்து ஆட்களாக இருந்தார்கள். 1938-ல் இந்திய அரசு கூலியாட்கள் புறப்படுவதைத் தடைசெய்ததோடு இந்த வரத்து நின்றது.

லாயாங் லாயாங்கைச் சுற்றிவந்தால் மூன்று விதமான குடியிருப்புகள் கண்ணில் படும். மூன்றுமே ஒரு காலத்தில் வேலிக்குள் இருந்தவை, அல்லது வேலி போட்டதுபோல் எல்லை கட்டப்பட்டவை.

முதலாவது சீனர்களின் புதுக்கிராமம். 1948-ல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது காட்டோரத்தில் மரவள்ளி போட்டுப் பிழைத்த சீனர்கள்தான் கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு அரிசியும் செய்தியும் கொடுக்கிறார்கள் என்று பிரிட்டிஷார் நினைத்தார்கள். 1950-ல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி நாடெங்கும் சுமார் 5 லட்சம் பேரை முள்வேலிக்குள் கொண்டுவந்து போட்டார்கள். கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமையோடு ஒரு மனைத் துண்டும் கிடைத்தது. முதலில் தற்காலிக அனுமதி, பிறகு குத்தகைப் பட்டா. வேலி போன பின்பும் மனை போகவில்லை. இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் பாதி வீடுகளில் முதியவர்கள் மட்டுமே. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும். என்றாலும் சீனப் புத்தாண்டுக்கு அவர்கள் திரும்பிவர ஒரு வாசல் இருக்கிறது.

இரண்டாவது ஃபெல்டா குடியேற்றம். 1956-ல் தொடங்கப்பட்ட கூட்டரசு நில மேம்பாட்டு வாரியம், நிலமில்லாத கிராமத்தவர்களை, பெரும்பாலும் மலாய்க்காரர்களை, காட்டைத் திருத்திக் குடியமர்த்தியது. குடும்பத்துக்குப் பொதுவாகப் பத்து ஏக்கர் செம்பனை, கால் ஏக்கரில் வீடு. அதற்கான கடனை விளைச்சலிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். கடன் அடைந்ததும் பட்டா. லாயாங் லாயாங் ஃபெல்டாவில் இன்று பழைய பலகை வீடுகளுக்குப் பின்னால் மகன் கட்டிய கல்வீடு, பக்கத்தில் மகளுக்கு இன்னொன்று என்று ஒரே மனையில் மூன்று தலைமுறை விரிந்திருக்கிறது. செம்பனை விலை ஏறினால் வாசலில் புதுக்கார் நிற்கும் என்றார் நண்பர். இறங்கினால் அதே காரை விற்கும் அறிவிப்பு கண்ணாடியில் ஒட்டியிருக்குமாம்.

மூன்றாவது நம்முடையது, தோட்டம். இங்கே வீடு சம்பளத்தோடு சேர்ந்தது. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு வயது வந்ததும், அல்லது தோட்டம் கைமாறியதும், சட்டி பானையை மூட்டை கட்ட வேண்டும். அவசரகாலத்தில் தோட்ட லயங்களையும் ஓரிடத்தில் குவித்து முள்வேலி போட்டார்கள். சீனருக்கு நேர்ந்த அதே அடைப்பு. பட்டா மட்டும் யாருக்கும் வரவில்லை. ‘இவர்களுக்குத்தான் கம்பெனி வீடு இருக்கிறதே’ என்பது அன்றைய நியாயம். மலேசியத் தமிழர் ஏன் தோட்டத்தைவிட்டு நகரத்துப் புறம்போக்குக்குப் போனார்கள் என்பதற்குப் படிப்பு, குடி, ஒற்றுமையின்மை என்று மேடைக்கு மேடை ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கால் ஏக்கர்தான் காரணம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று குடியிருப்புகளில் எது நிலைத்தது, எது கலைந்தது என்று பார்த்தாலே விளங்கிவிடும்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டவர்கள் இல்லாமல் இல்லை. ஐம்பதுகளின் இறுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்குப் பத்து வெள்ளி பங்கு என்று திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளர் பெயரிலேயே வாங்கியது அந்தச் சங்கம். அது காப்பாற்றியவை சில. காப்பாற்ற முடியாமல் போனவைதான் அதிகம்.

லாயாங் லாயாங் பக்கத்து உலு ரெமிஸ் தோட்டம் துண்டாடப்படவில்லை. அது பிரிட்டிஷ் கம்பெனியான கத்ரியின் செல்லப்பிள்ளை. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலை, லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் அந்தக் கம்பெனியையே வளைத்து வாங்கியது. 2007-ல் அது சைம் டார்பியோடு இணைந்தது. 2024-ல் தோட்டப் பிரிவு எஸ்டி கத்ரி என்று பழைய பெயரையும் சேர்த்துக்கொண்டது. பெயர்ப்பலகை இத்தனை முறை மாறியும் இங்கே மாறாதது ஒன்று உண்டு. உலகமெங்கும் செம்பனை வித்து ஆராய்பவர்களுக்கு உலு ரெமிஸ் என்ற பெயர் தெரியும்.

அந்த வித்தின் கதை இது: 1848-ல் டச்சுக்காரர்கள் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நான்கு ஆப்பிரிக்கச் செம்பனைக் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் இரண்டு ஆம்ஸ்டர்டாம் நகரத் தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்தவை, மற்ற இரண்டு இந்தியப் பெருங்கடல் தீவு வழியாக வந்தவை. அந்த நான்கின் சந்ததி சுமாத்ராவின் டெலி பகுதிக்குப் போனது. அங்கே புகையிலைத் தோட்டத்துத் துரைமார்கள் பாதையோரம் அழகுக்காக அதை நட்டார்கள். எண்ணெய்க்காக நடவேண்டும் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் சிலாங்கூரின் தென்னமரத்தில். டெலி வம்சத்தின் நல்ல மரங்களைப் பொறுக்கித் தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தியது இங்கே, லாயாங் லாயாங்கில், கத்ரியின் செமாரா ஆராய்ச்சி நிலையத்தில். உலு ரெமிஸ் டெலி துரா என்ற தாய்மரபு இன்றும் வித்துத் தோட்டங்களில் வாழ்கிறது. கூலாயிலிருந்து குளுவாங்வரை நாங்கள் பார்த்த பனைகளில் பெரும்பாலானவற்றின் தாய்வழிப் பாட்டி ஆம்ஸ்டர்டாம் கண்ணாடிக் கூடாரத்தில் வளர்ந்தவளாக இருக்கலாம். செடிக்கு வம்சாவளிப் பதிவேடு துல்லியமாக இருக்கிறது. நட்டவர்களில் பலர் பிறப்புப் பத்திரம் இல்லாமல் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு செத்தார்கள்.

ஆராய்ச்சி என்றால் விஞ்ஞானிகள் மட்டுமல்ல. ஊருக்கு வெளியே ‘தாமான்’ எனப்படும் ஒரு வீட்டுக் குடியிருப்பில், தோட்டத்தைவிட்டு வந்து மகள் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியைச் சந்தித்தோம். முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை என்று தொடங்கி, ஒவ்வொன்றாக எல்லாக் குறையையும் சொன்னார். இளவயதில் என்ன வேலை என்று கேட்டேன்.

“பூவுக்குப் பவுடர் அடிக்கிற வேலை தம்பி.”

செம்பனையில் ஆண்பூங்கொத்தும் பெண்பூங்கொத்தும் ஒரே மரத்தில் வெவ்வேறு நேரத்தில் வரும். மலாயாவில் இளமரங்களுக்கு இயல்பாக மகரந்தம் சேரவில்லை. ஆகவே பெண்கள் ஆண்பூவை வெட்டிப் பையில் உலுக்கி, மகரந்தத்தைச் சலித்துக் காயவைத்து, முகப்பவுடர் மாதிரியான வெள்ளைப் பொடியில் கலப்பார்கள். அதை ஒரு ரப்பர் குமிழில் அடைத்து, மரம் மரமாகக் குனிந்து, மட்டைகளின் முள்ளுக்கு நடுவே கையை நுழைத்து, மலர்ந்த பெண்பூவின்மேல் ஊதுவார்கள். பெண்பூ மலர்ந்திருப்பது இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் போகாவிட்டால் அந்தக் குலை வீண். ஆகவே அதே வரிசைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பாட்டி முழங்கையைத் திருப்பிக் காட்டினார். முள் கிழித்த கோடுகள் வெள்ளையாக ஓடின.

“காலையில அஞ்சு மணிக்குப் பெரட்டு, பேர் கூப்பிடுவாங்க. பவுடரெல்லாம் மூஞ்சியில அப்பிக்கும். கல்யாணப் பொண்ணு மாதிரி வீட்டுக்கு வருவோம்” என்று சிரித்தார். “அப்புறம் ஒரு பூச்சி வந்துச்சு. எங்க வேலையை அது பாத்துக்கிச்சு.”

அந்தப் பூச்சிக்கும் வரலாறு உண்டு. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுக் காட்டில் செம்பனைப் பூவில் வாழும் ஒரு சிறு கூன்வண்டுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று ரஹ்மான் சையது என்ற பூச்சியியலாளர் நிறுவினார். அரிசிமணியில் பாதி இருக்கும் அந்த வண்டை மலேசியாவுக்குக் கொண்டுவந்து 1981-ல் முதன்முதலாக விட்ட இடங்களில் ஒன்று, இங்கிருந்து அதிக தூரமில்லாத குளுவாங்கின் பாமோல் தோட்டம். வண்டு காட்டுத்தீயாகப் பரவியது. காய்ப்பு கூடியது, கம்பெனிகளுக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் மிச்சம். செம்பனை வரலாறு எழுதியவர்கள் இதை ஒரு வெற்றிக்கதையாகச் சொல்வார்கள். வெற்றிதான். பவுடர் அடித்த பெண்களில் சிலரைக் களையெடுப்புக்கும் மருந்தடிப்புக்கும் மாற்றினார்கள். பலர் சிங்கப்பூரை ஒட்டி அப்போது முளைத்துக்கொண்டிருந்த மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறினார்கள். பாட்டியின் தங்கை அப்படிப் போனவர்தான். அவர் பிள்ளைகள் இன்று ஜொகூர் பாருவில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். “அவ தப்பிச்சா” என்றார் பாட்டி. அதில் பொறாமை இல்லை, கணக்கு மட்டும்தான் இருந்தது.

போரைப் பற்றியும் கேட்டேன். அவர் பிறப்பதற்கு முந்தைய கதை, ஆனால் மாமனார் சொன்னது நினைவிருந்தது: ரயில்பாலம் வெடித்த சத்தம். 1942 ஜனவரி இறுதியில் ஜப்பானியர் வேகமாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தபோது, ரயில் பாதையைக் காக்கும் பொறுப்பு ஒன்பதாவது இந்திய டிவிஷனுக்கு. லாயாங் லாயாங் அருகே ரயில்பாலத்தை அந்த டிவிஷன் ஆட்களே அவசரப்பட்டுத் தகர்த்துவிட்டார்கள். அப்பால் நின்ற 22-ஆவது இந்தியப் படையணி துண்டிக்கப்பட்டது. அவர்களைத் தேடி ரயில்பாதையோடு முன்னே போன டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ ஜனவரி 28-ஆம் தேதி அங்கேயே கொல்லப்பட்டார். சீக்கியரும் கர்வாலியரும் அடங்கிய அந்தப் படையணி காட்டுக்குள் அலைந்து, பட்டினியில் தேய்ந்து, கடைசியில் சரணடைந்தது. இரண்டு வாரத்தில் சிங்கப்பூரும் விழுந்தது. அதன்பின் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குப் பிடித்துப்போனார்கள். மாமனாரின் அண்ணன் போனார், வரவில்லை.

இப்போது தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்? உள்ளே போக அனுமதி வேண்டும், நாங்கள் கேட்கவில்லை. சாலையோரத்திலேயே நின்று பார்த்தோம். குலை வெட்டியவர் இந்தோனேசியர். பனையைவிடச் சற்றே குறைந்த நீளத்தில் ஒரு கழி, நுனியில் அரிவாள். அண்ணாந்து பார்த்தபடி மட்டையை வெட்டி, பிறகு குலையை இழுக்கிறார். இருபது கிலோ எடை தரையில் விழும் சத்தத்துக்குக் காலடி மண் அதிர்ந்தது. பின்னாலேயே ஒருவர் உதிரிப் பழங்களைப் பொறுக்குகிறார். வெட்டிய குலை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறிவிடும், ஆகவே டிராக்டர் காத்திருக்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2013-ல் அந்தச் சட்டம் முதன்முதல் வந்தபோது தீபகற்பத்தில் 900. தோட்டத் தமிழர் அரை நூற்றாண்டு கேட்டுக் கிடைக்காத மாதச் சம்பளம் வந்து சேர்ந்தபோது, அதை வாங்கத் தோட்டத்தில் தமிழர் அதிகம் இல்லை.

மக்கள்தொகைப் புள்ளிவிவரங்களைப் பார்ப்போம். 1957 கணக்கெடுப்பில் மலாயாவில் இந்தியர் 11 விழுக்காட்டுக்குமேல். 2020-ல் மலேசியாவில் 6.7. இந்த இரண்டு எண்ணையும் அடுத்தடுத்து வைத்து ‘பாதியாகிவிட்டோம்’ என்று முழங்குவது மேடைப் பேச்சாளர்களுக்கு வழக்கம். 1957-ன் மலாயாவில் சபாவும் சரவாக்கும் இல்லை. அவை சேர்ந்ததாலேயே விகிதம் சரிந்தது ஒரு பகுதி. மீதிச் சரிவு உண்மைதான். 1969 கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது, சுமார் 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள். இன்று இந்தியப் பெண்களின் சராசரிக் குழந்தைப்பேறு ஏறக்குறைய 1.1. ஒரு தலைமுறை தன்னை ஈடுகட்டிக்கொள்ள 2.1 வேண்டும். தமிழ்ப்பள்ளிகள் 1957-ல் 888, இப்போது 530-க்கும் குறைவு. உலு ரெமிஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்றவை இன்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்குகின்றன, ஆனால் தோட்டத்தில் பிள்ளைகள் இல்லை. தாமான்களிலிருந்து வேன் வைத்து அழைத்துவர வேண்டியிருக்கிறது. 150 பேருக்குக் குறைந்தால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று அரசு முத்திரை குத்துகிறது. ஜொகூரின் தோட்டப்பள்ளிகளில் பல அந்தப் பட்டியலில்.

இந்தச் சுற்றுவட்டாரத்தை நிர்வகிப்பது சிம்பாங் ரெங்கம் மாவட்ட மன்றம். தோட்டம் தனியார் நிலம் என்பதால் பல்லாண்டு காலம் குப்பை, சாலை, விளக்கு எல்லாம் கம்பெனி பாடு. மன்றம் எட்டிப்பார்க்காது. ஊருக்குள்ளும் எல்லாம் சரியாக இல்லை. 2017 தொடங்கிச் சில ஆண்டுகள் சிம்பாங் ரெங்கம் குப்பைக் கிடங்கின் கழிவுநீர் பெனுட் ஆற்றில் இறங்கி, அம்மோனியா கூடி, குடிநீர் நிலையங்களைத் திரும்பத் திரும்ப மூடவேண்டி வந்தது. கேள்வி கேட்க மன்ற உறுப்பினரைத் தேடினால், அவர் வாக்கு வாங்கி வந்தவர் அல்ல. ஊராட்சித் தேர்தல்கள் 1965-ல் நிறுத்தப்பட்டன, 1976 சட்டம் அவற்றை அறவே எடுத்துவிட்டது. அன்றிலிருந்து நியமனம்தான். செம்பனையின் பாட்டி ஊரான நெதர்லாந்தில் நகராட்சி மன்றத்துக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல், குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரும் ஐந்தாண்டு சட்டப்படி வசித்திருந்தால் வாக்களிக்கலாம். அங்கும் மேயரை மட்டும் மேலிருந்து நியமிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குலை வெட்டிக்கொண்டிருந்த அந்த இந்தோனேசியரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்.

திரும்பும் வழியில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நிறுத்தினோம். சுற்றிலும் லயம் இடிக்கப்பட்டு மறுநடவு செய்த இளம்பனைகள். நடுவில் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நின்றது. நிர்வாகக் குழுப் பொறுப்பாளர், கூலாயில் குடியிருப்பவர், திருவிழா அழைப்பிதழ்க் கட்டோடு வந்திருந்தார். திருவிழாவுக்கு எங்கிருந்து ஆள் வருவார்கள் என்று கேட்டேன். மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங், சிங்கப்பூர் என்று அடுக்கினார். பஞ்சாங்கம் பார்த்துத் தேதி குறிப்பதில்லையா?

“பாப்போம் ஐயா. அதோட லீவும் பாக்கணும்ல?”

2014-லிருந்து ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்கிற அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு, பிள்ளைக்கு ஞாயிறு பள்ளி. பத்து ஆண்டுகள் இந்தக் கோயிலில் தீமிதிக்கு அப்பா வந்தால் பிள்ளை வராது, பிள்ளை வந்தால் அப்பா வரமாட்டார். பாதிக் குடும்பத்தை வைத்துக்கொண்டே கூழ் காய்ச்சினார்கள். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து மாநில அரசு சனி, ஞாயிறுக்கு மாற்றிவிட்டது.

“இந்த வருசம் ஞாயித்துக்கிழமையே வெச்சிட்டோம்” என்று அழைப்பிதழ் ஒன்றை எடுத்து நீட்டினார். “சாப்பாடு எத்தனை பேருக்கு ஆர்டர் பண்றதுன்னுதான் தெரியல. போன தடவை முந்நூறு. இப்ப ஐந்நூறு போடலாமா, என்ன சொல்றீங்க?”

நண்பர் அறுநூறு போடச் சொன்னார்.